ஒரே சொடுக்கில் நாலாயிரம் முகம் வெளுத்தேன்

நான் வேலையிலிருந்து நின்ற பிறகு முதலாளி போன் செய்தார். போட்டோ லேபில் புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்களாம். அவர்களுக்காக என் அனுபவத்தை நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "படிச்சா ஒரு உற்சாகம் வரணுங்க்கா" என்றார். உற்சாகம் வேண்டுமென்றால் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் தெருவுக்கு நாலு ஜூஸ் கடை இருக்கிறது, போய்க் குடியுங்கள். என்னிடம் இருப்பது ஒரு வெட்கக்கேடு. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நீங்கள் இதை முழுதாகப் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. போன மாதம் ஒரு வேலையாக லேபுக்கு வந்தேன். உங்களில் ஒருவர், ஆள் யாரென்று சொல்ல மாட்டேன், கம்ப்யூட்டரிடமே கேட்டு வாங்கிய ஸ்கிரிப்டை, அதாவது வேலையைத் தானாகச் செய்ய வைக்கும் கட்டளைப் பட்டியலை, அப்படியே ஒட்டி, ஒரு கல்யாணத்தின் மொத்தப் படங்கள் மீதும் ஓடவிட்டுவிட்டு, காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இதுல என்ன எழுதியிருக்குது?" என்று கேட்டேன். "தெரியலீங்க ஆன்ட்டி, ஆனா வேலை செய்யுது" என்றார். மிக்ஸியும்தான் வேலை செய்யும். உள்ளே விரல் இருந்தாலும் வேலை செய்யும்.

அவரைத் திட்ட எனக்கு முழு யோக்கியதை உண்டு. அதே நாற்காலியில் உட்கார்ந்து அதைவிடப் பெரிய கூத்தை நான் அடித்திருக்கிறேன். அதையும் தெரியாமல் செய்யவில்லை. வேண்டாம் என்று ஒருத்தி படித்துப் படித்துச் சொன்ன பிறகு செய்தேன்.

முதலில் நம் தொழிலின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்யாண ஆல்பம் செய்வது நம் வேலை. திருச்செங்கோட்டிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் போட்டோகிராபர்கள் ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் படம் எடுத்துக் கொண்டுவந்து கொட்டுவார்கள். நாம் சரிசெய்து, அடுக்கி, அச்சடித்துக் கொடுப்போம். கொட்டிவிட்டுப் போகும்போது எல்லோரும் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "கொஞ்சம் கலர் தூக்கி உட்ருங்க." கலர் தூக்குவது என்றால் முகத்தை வெளுப்பது. இந்த வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். நம்மில் முக்கால்வாசிப் பேர் கருப்பு. ஆனால் நம் லேபில் அச்சான ஆல்பங்களை மட்டும் பார்க்கிற ஒருவர், சேலம் நாமக்கல் பக்கம் கருப்பாக ஒரு மனிதன்கூடக் கிடையாது என்று சத்தியம் செய்வார்.

ஆரம்பத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மட்டும்தான் தூக்கினோம். பிறகு சம்பந்தி வீட்டில் சண்டை வந்தது. "அவங்க பக்கத்து ஆளுங்களுக்குத் தூக்கியிருக்கறீங்க, எங்க பெரியம்மாவ மட்டும் கரிச்சட்டியாட்டம் உட்டு வெச்சிருக்கறீங்க" என்று ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் போட்டார்கள். முதலாளி பயந்துபோய் ஒரு சட்டம் போட்டார். படத்தில் இருக்கும் அத்தனை முகத்துக்கும் தூக்க வேண்டும், சமையல்காரர் உட்பட. கூடவே தழும்பு, பரு, மரு எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டும். நாலாயிரம் படத்தில் எத்தனை முகம் இருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகக் கையால் தேய்த்துத் தேய்த்து எங்களுக்கு மணிக்கட்டு கழன்றுவிட்டது.

அதனால்தான் ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டேன். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. லேபில் இருந்த பையன்கள், "அக்கா, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு, பேசாம பொட்டிய ஆஃப் பண்ணீட்டு ஊட்டுக்குப் போங்க" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே கற்றுக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். இப்போது அவர்களில் ஒருவரும் இந்தத் தொழிலில் இல்லை.

சொல்லிக் கொடுத்தவள் எங்கள் மாடி வீட்டில் குடியிருந்த பெண். என்னைவிட இருபது வயது சின்னவள். பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்த்தாள். இரக்கம் என்பதே இல்லாத வாத்தியார். பத்துப் படத்தைச் சின்னதாக்க நான் எழுதிய முதல் ஸ்கிரிப்ட், பத்தையும் ஒரே பெயரில் சேமித்து, ஒன்பதை விழுங்கிவிட்டு ஒன்றை மட்டும் துப்பியது. அவள் அதைப் பார்த்துவிட்டு, "நல்லா சுருக்கியிருக்கறீங்க" என்றாள். அழுகையே வந்துவிட்டது எனக்கு. ஆனால் மூன்று மாதத்தில் என்னைத் தேற்றிவிட்டாள்.

அவள் சொன்னது மூன்றே விஷயம். "ஒரிஜினல் மேல எழுதாதீங்க. வேற ஃபோல்டர்ல சேமிங்க. மொத்தமா ஓட்டறதுக்கு முன்னாடி பத்துப் படத்துல ஓட்டிப் பாருங்க. முடிஞ்சதுக்கப்புறம் நல்லா வந்த படத்தப் பாத்துப் பூரிச்சுப்போய் உக்காராதீங்க, எந்தப் படத்த அது தொடாம உட்டுச்சோ அதத் தொறந்து பாருங்க." மூன்றுக்கும் தலையாட்டினேன். ஒன்றை மட்டும், அந்தப் பத்துப் பட விஷயத்தை மட்டும், கடைப்பிடித்தேன்.

ஒரிஜினல் மேல் எழுதாமல் வேறு ஃபோல்டரில் சேமித்தால் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு மடங்கு இடம் வேண்டும். லேபின் டிஸ்க்குகள் எப்போதும் தொண்டை வரை நிரம்பித்தான் இருக்கும். முதலாளியிடம் இன்னொரு டிஸ்க் கேட்டால் முகம் சுருங்கும். ஆனால் அதெல்லாம் நான் சொல்லிக்கொண்ட சாக்கு. கருத்த முகங்கள் நிறைந்த பழைய படங்கள் எதற்கு, யார் திரும்பிக் கேட்கப் போகிறார்கள் என்ற திமிர்தான் நிஜக் காரணம். என் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு படத்தையும் திறக்கும், முகத்தைத் தேடும், கிடைத்த முகத்தை வெளுத்துத் தேய்த்து அதே படத்தின் மேலேயே சேமித்துவிடும். முகம் கிடைக்காவிட்டால் படத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். நாலாயிரம் படம், ஒரே சொடுக்கு. நான் மோர் குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு ஜாதிசனமே வெளுத்திருக்கும்.

கடவுளே வந்து ஒரு தடவை எச்சரிக்கை செய்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பரமத்தி பக்கத்துக் குடும்பம் ஒன்று, முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்த படங்களையும் கல்யாணப் படங்களோடு சேர்த்துக் கொடுத்திருந்தது. கருங்கல் கருப்பணசாமி. வெள்ளியில் பெரிய கண் வைத்திருந்தார்கள். என் ஸ்கிரிப்ட் அந்தக் கண்ணைப் பார்த்து முகம் என்று நினைத்துக்கொண்டது. ஆல்பம் போன மறுநாள் அந்த வீட்டுப் பெரியப்பா வந்து நின்றார்.

"ஏனுங்க, எங்க கருப்பணசாமிய என்னங்க பண்ணி வெச்சிருக்கறீங்க? ரோஸ் பவுடர் போட்டு ஸ்கூலுக்குக் கெளம்பற கொழந்தையாட்டம் நிக்கறாரு!"

லேபே விழுந்து விழுந்து சிரித்தது, நானும் சிரித்தேன். நல்லவேளையாக அந்த போட்டோகிராபரின் கேமரா கார்டில் பழைய படம் இருந்தது, வாங்கி மாற்றி அச்சடித்துக் கொடுத்தோம். அதற்குப் பிறகு நான் செய்த திருத்தம் என்ன தெரியுமா? கோயில் படங்களைத் தனி ஃபோல்டரில் போடச் சொல்லிவிட்டேன். சாமியை விட்டுவிட்டேன், மனிதர்களைத் தொடர்ந்து வெளுத்தேன். அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டிய மூளை அப்படித்தான் வேலை செய்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு திங்கட்கிழமை மத்தியானம், திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் வண்டி வைத்திருக்கும் ஒருவர் லேபுக்குள் ஓடி வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. எட்டு மாதத்துக்கு முன்பு அவருடைய மகள் கல்யாண ஆல்பத்தை நாம்தான் செய்திருந்தோம்.

"எங்கப்பாவக் காணமுங்க" என்றார். "கண்ணு காட்டறதுக்குக் கூட்டீட்டு வந்தனுங்க. பஸ் ஸ்டாண்டுல உக்கார வெச்சுட்டு கண்ணு மருந்து வாங்கப் போனேன். திரும்பி வாரதுக்குள்ள ஆளில்லீங்க."

அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. ஞாபகம் தப்பிப்போய் இரண்டு வருடம். சொந்த ஊர் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. சர்க்கரைக்குக் காலையும் மாலையும் மாத்திரை போட்டாக வேண்டும், அதுவும் மகன் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒன்றிரண்டு நாளைக்குள் கண்டுபிடிக்காவிட்டால் எங்காவது மயங்கி விழுந்துவிடுவார் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார். போஸ்டர் அடிக்க நல்ல படம் ஒன்று வேண்டும் என்றார்.

போனில் இருந்த படங்களைக் காட்டினார். போன் கேமராவே இப்போது கேட்காமல் பவுடர் பூசிவிடுகிறதே, எல்லாம் மாவாக இருந்தது. ஆதார் அட்டைப் படத்தில் அவர் மட்டுமில்லை, யார் வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் நான் கல்யாண ஃபோல்டரைத் திறந்தேன். பட்டுச் சட்டை, தோளில் துண்டு, பேத்திக்கு அட்சதை போடும் படம் ஒன்று கிடைத்தது. "அடேங்கப்பா, எத்தன லட்சணமா இருக்காரு" என்று நானே சொன்னேன். மகனும் பார்த்துவிட்டு, "இதுல ஜம்முனு இருக்காருங்க, இதையே போடுங்" என்றார். அந்தப் படத்தை வெட்டி, போஸ்டர் அமைத்துக் கொடுத்தது இந்தக் கைதான்.

போர்வெல்காரர்களுக்கு ஆட்பலத்துக்குக் குறைவில்லை. சாயங்காலத்துக்குள் சங்ககிரியிலிருந்து ஆத்தூர் வரைக்கும் பஸ் ஸ்டாண்ட், டீக்கடை ஒன்று விடாமல் ஒட்டிவிட்டார்கள். போலீசுக்குக் கொடுத்ததும் அதே படம். போனில் குரூப் குரூப்பாகப் போனதும் அதே படம்.

போன்களும் வந்தன. ஓமலூரில் பார்த்தோம், ராசிபுரம் கோயிலில் பார்த்தோம் என்று. மகன் ஒவ்வொரு இடத்துக்கும் காரை எடுத்துக்கொண்டு பறந்தார். எல்லா இடத்திலும் சிவந்த மேனியோடு வேறு யாரோ ஒரு பெரியவர் இருந்தார். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் நல்ல மனசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒருவரை இரண்டு மணி நேரம் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். அவரோ மகள் வீட்டுக்குப் பலகாரம் எடுத்துக்கொண்டு போன ரிட்டயர்டு பேங்க் ஆபீசர். "நான் தொலையலைப்பா, விடுங்கப்பா" என்று அவர் கத்தியிருக்கிறார். ஞாபகம் தப்பியவர் அப்படித்தான் சொல்வார் என்று இவர்கள் விடவில்லை.

மூன்றாம் நாள் காலை மகன் இன்னும் போஸ்டர் வேண்டும் என்று லேபுக்கு வந்தார். தாடி முளைத்து, கண் குழிந்து, பார்க்க முடியவில்லை. நான் போஸ்டரைத் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது அவருக்கு யாரோ போன் செய்து, ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டார்கள். அவர் சொன்னார்:

"நல்ல கருப்புங்க. மூஞ்சி பூரா அம்மத் தழும்புங்க. எடது கண்ணுக்குக் கீழ புளியங்கொட்டையாட்டம் ஒரு மரு இருக்குமுங்க. ஆரு பாத்தாலும் மறக்க மாட்டாங்க."

நான் திரையைப் பார்த்தேன். சந்தன நிறத்தில் ஒரு பெரியவர். தழும்பு இல்லை. மரு இல்லை. பளிங்கு மாதிரி ஒரு முகம். மூன்று நாளாக சேலம் ஜில்லாவே, இல்லாத ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறது, அவரை உண்டாக்கி அனுப்பியது நான்.

இந்த மாதிரி நேரத்தில் என்ன தோன்றும் என்று மறைக்காமல் சொல்கிறேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அவர் போனை வைக்கிற வரைக்கும் அந்த யோசனைதான் ஓடியது. உங்களுக்கும் ஒரு நாள் தோன்றும். தோன்றுவதற்கு வெட்கப்பட வேண்டாம், ஆனால் வாயைத் திறந்துவிடுங்கள்.

திறந்தேன். "தம்பி, இந்தப் படத்துல உங்கப்பா இல்லீங்க. கலர் தூக்கி, தழும்பு, மரு எல்லாத்தையும் நாங்க தொடச்சுட்டோம். ஒரிஜினலும் இல்லீங்க, அதுக்கு மேலயே எழுதீட்டேன். தப்பு என்னுது."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். எட்டு மாதமாக வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்த ஆல்பத்தைக் காட்டியவர். மூன்று நாளாக அந்தப் போஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்.

"கலர் தூக்கச் சொன்னது நாந்தானுங்களே" என்றார். பிறகு மெதுவாக, "எங்கப்பன் மூஞ்சி எனக்கே மறந்துபோச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

போட்டோகிராபருக்கு போன் போட்டோம். கார்டை அழித்து அதற்கு மேல் ஏழு கல்யாணம் எடுத்துவிட்டார். அதற்குள் முதலாளி கேபினிலிருந்து வந்துவிட்டார். வந்தவர் நேராக என் மவுஸைப் பிடித்தார். "இதுல என்னக்கா இருக்குது? உங்க ஸ்கிரிப்டையே திருப்பிப் போட்டு, மூஞ்சி தேடாம மொத்த ஃபோல்டரையும் கருப்பாக்கீரலாம். அப்புறம் கண்ணுக்குக் கீழ ஒரு மருவ ஒட்டி உட்டாப் போச்சு."

"கையெடுங்க" என்றேன். பதினெட்டு வருடத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. "ஒரு பொய்ய ஒட்டி ஊரெல்லாம் கெடுத்தாச்சு. அது மேல இன்னொரு பொய்ய ஒட்டோணுமா? ஃபோல்டரத் தொடாதீங்க." துடைத்த தழும்பு கருப்பாக்கினால் திரும்பி வராது. அது கணக்கு தெரிந்த எவருக்கும் தெரியும். ஆனால் நான் ஃபோல்டரைத் தொடாதே என்று சொன்னதற்கு அந்த நிமிடம் எனக்குக் காரணம் தெரியாது. ஒரு தடவை அவசரத்தில் கைவைத்து நாசமாக்கிய இடத்தில் மறுபடி அவசரத்தில் கைவைக்கக் கூடாது என்று பயம், அவ்வளவுதான்.

பக்கத்து மேஜையில் இருந்த கெட்டிக்காரப் பையன், என் ஸ்கிரிப்டுக்குப் பிடிபடாத பக்கவாட்டு முகங்களைத் தேட ஒரு புது ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பித்துவிட்டான். தட்டு தட்டு என்று தட்டினான். எழுதி முடிக்க அரை நாள் ஆகும். தரையில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அரை நாள் கிடையாது, அவருடைய அப்பாவுக்கும் கிடையாது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து யோசித்தேன். என் ஸ்கிரிப்ட் என்ன செய்யும்? முகம் கிடைத்தால் வெளுத்துச் சேமிக்கும். கிடைக்காவிட்டால் தொடாது. தொடாத படத்தில் என்ன மாறாமல் இருக்கும்? தேதி. நான் ஓட்டிய நாளில் சேமித்த படங்களுக்கெல்லாம் அந்த நாள் தேதி விழுந்திருக்கும். தொடாத படங்களில் கல்யாணத் தேதியே நிற்கும்.

ஃபோல்டரில் தேதி என்று தலைப்புப் போட்ட இடத்தில் ஒரே ஒரு தடவை சொடுக்கினேன். தொடாத படங்கள் முந்நூற்றுச் சொச்சமும் மேலே வந்து நின்றன. முதலாளி சொன்னபடி மொத்தத்தையும் கருப்பாக்கியிருந்தால், நாலாயிரத்துக்கும் அன்றைய தேதி விழுந்து அதுவும் போயிருக்கும். ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவர்களுக்கு எங்கே எழுத வேண்டியதில்லை என்று தெரிவதே இல்லை. கீபோர்டைப் பார்த்ததும் கை அரிக்கிறது உங்களுக்கு.

மாடி வீட்டுப் பெண் சொன்ன மூன்றாவது விஷயத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் செய்தேன். தொடாமல் விட்ட படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். பூ அலங்காரம், செருப்புக் குவியல், இலையில் லட்டு, முதுகுகள், கொண்டைகள். மகன் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். அவர் மூச்சு என் காதில் கேட்டது. இருநூறைத் தாண்டியிருப்போம். பந்தியில் எடுத்த ஒரு படம். கேமராக்காரர் பாயாசத்தை எடுத்திருக்கிறார். ஓரத்தில் பக்கவாட்டாகத் திரும்பி ஒரு பெரியவர், பக்கத்து இலைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். நல்ல கருப்பு. கன்னமெல்லாம் குழி குழியாகத் தழும்பு. கண்ணுக்குக் கீழே மரு.

"அப்பா" என்றார் மகன். என்னிடம் சொல்லவில்லை, படத்திடம் சொன்னார். நான் அழுதுவிட்டேன். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

படத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் வெட்டி எடுத்தோம். லாரிக்காரர்கள் குரூப்பில் மகன் அதைப் போட்டார். நான் புதுப் போஸ்டரை அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன், இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, போன் அடித்தது. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, லோடு அடிக்கும் டிரைவர் ஒருவர். கத்திப் பேசியதால் எங்களுக்கே கேட்டது.

"இவரா? ஏங்க, இவர நான் ரெண்டு நாளா பாக்கறேனே! ஆத்தூர் தாண்டி, கெங்கவல்லி போற ரோட்டுல, சேகோ பேக்டரிக்கு எதுத்தாப்புல டீக்கடையில குந்தியிருக்காரு!"

நானும் காரில் ஏறிக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை. லேபில் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதனால் ஏறினேன். வழியெல்லாம் கம்பத்தில், சுவரில், பஸ் நிழற்குடையில் என் சந்தன நிறப் பெரியவர் புன்னகையோடு பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் அந்த சேகோ பேக்டரி வாசலில் கிழங்கு லாரிகள் வரிசையாக நின்றன. எதிரே தகரம் போட்ட டீக்கடை. பெஞ்சில் அவர் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். மேல் சட்டை அழுக்கு, கால் வீங்கியிருந்தது, உயிரோடு இருந்தார். மகன் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டார். அவர் மகனின் தலையில் கைவைத்து, "ஆருங் சாமி?" என்றார்.

டீக்கடை அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஒரு கெழங்கு லாரியில வந்து எறங்குனாரு, மூணு நாளா இங்கதான் இருக்காரு. கேட்டா லோடு கூட வந்தேன், வண்டி வரட்டும்னு சொல்லுவாரு. கெழங்கு லாரி வந்தா எறங்கிப் போயி, பழகுன ஆளு மாதிரி கெழங்க ஒடச்சிப் பாப்பாரு. வாச்மேன் ரூம்புல படுத்துக்குவாரு. லாரிக்காரங்க ஆளுதான்னு நாங்களும் விட்டுட்டோம்" என்றாள். பிறகு கடைச் சுவரைக் காட்டினாள். பெரியவரின் தலைக்கு ஒரு முழம் மேலே என் போஸ்டர். "நானே பசை வாங்கி ஒட்டுனேன். வர்றவங்க போறவங்க எல்லாரையும் கேட்டேன். இந்த ஆளத்தான் தேடுறீங்கன்னு ஒரு வார்த்த தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே. அதுல இருக்கறவரு செக்கச்செவேல்னு இருக்காரே!"

மகன் அப்பாவுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பெஞ்சு மேல் ஏறி, அந்தப் போஸ்டரின் மூலையை நகத்தால் கிளப்பிக் கிழிக்க ஆரம்பித்தேன். பாதி நெற்றி கையோடு வந்தது. கீழேயிருந்து யாரோ என் புடவையைப் பிடித்து இழுத்தார்கள். பெரியவர்தான்.

"அதக் கிழிக்காதீங் சாமி" என்றார். "பாவம், அவுரு இன்னும் ஊடு வந்து சேரலீங்களே."